முடித்து வைக்காதவர்கள்

வாஷிங் மெஷின் இரண்டாவது தடவை தண்ணீர் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் அவர் முறை வரவில்லை. பால்கனியில் மெஷினுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார் தெய்வநாயகம். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது வீட்டுக்கு. உள்ளே எங்கே உட்கார்ந்தாலும் சிக்னல் விட்டுவிட்டு வரும். தன் பேச்சு விட்டுவிட்டு வருவது போதாதென்று போனும் சேர்ந்துகொள்ள வேண்டாம் என்று, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சில வருடங்களாக இந்த ஸ்டூல்தான். காதுக்குள் திண்டுக்கல்காரர் ஒருவர் உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தார். நான் கிருபாகரன். ஓடையைப் பற்றி ஓடைக்கு வெளியே நான் எழுதியதில்லை, பேசியதில்லை. அவ்வளவுதான் உறுதிமொழி. மூச்சை முதலில் வெளியே விட்டு, அந்த மூச்சின் மேல் சொல்லை மிதக்கவிட்டு, நிதானமாகச் சொல்லி முடித்தார். "அருமை. தண்ணி போல வந்துச்சு பாருங்க," என்றார் கூட்டத்தை நடத்துகிற குகநாதன். "உள்ளே ஒளிவு இல்லேன்னா வெளியே தடை இல்ல. அடுத்து நம்ம வைகைக்கரைக்காரர்." திரையில் சின்னச் சின்ன வட்டங்களாக எல்லோருடைய பெயர்களும் இருந்தன. எல்லோரும் திக்குவாய்க்காரர்கள். அந்தச் சொல்லை ஓடை என்ற இந்தக் குழுவில் சொல்லக்கூடாது, 'பழைய பழக்கம்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் மனதுக்குள் அந்தச் சொல்தான் ஓடியது, மனதுக்குள் அது திக்கவும் இல்லை. மனதுக்குள் எதுவுமே திக்கியதில்லை என்பதுதான் இந்த ஐம்பத்து நான்கு வயதிலும் அவருக்குப் பிடிபடாத விஷயம். எழுதியதில்லை, பேசியதில்லை. பேசியதில்லை, சரி. எழுதியதில்லை என்று எப்படிச் சொல்வது? எழுதியவர் அவர்தானே. இத்தனை கூட்டமும் இந்த உறுதிமொழியும் அவர் எழுதிய அந்த நாலு வரிக்காகத்தானே.

"என்னங்க, மெஷின் நின்னதும் பெட்ஷீட்டை எடுத்துக் கொடியில போட்டுருங்க. பேசிட்டே இருந்துடாதீங்க," என்று அடுக்களையிலிருந்து சுலோச்சனாவின் குரல் வந்தது. பேசிட்டே இருந்துடாதீங்க. உலகத்தில் அவரைப் பார்த்து இப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். கேலியாகச் சொல்கிறாளா, அறியாமல் சொல்கிறாளா என்று கல்யாணமான புதிதில் யோசித்ததுண்டு. இப்போது யோசிப்பதில்லை. காய்கறிக் கடையில் அவர் அரைக் கிலோ க, க என்று நிற்கும்போது பின்னாலிருந்து கத்திரிக்கா என்று சொல்லிவிடுவாள். சில சமயம் அவர் கேட்க நினைத்தது கருணைக்கிழங்காக இருக்கும். பரவாயில்லை என்று கத்திரிக்காயையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அப்படி எத்தனை கத்திரிக்காய் தின்றிருப்பார் இத்தனை வருடத்தில். அவள்மேல் குற்றமில்லை. நின்றுபோன சொல்லைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது சாதாரண ஆட்களால் ஆகிற காரியமில்லை, வண்டி மேட்டில் ஏறாமல் நிற்கும்போது கை தானாகப் போய்த் தள்ளுகிற மாதிரி அது. பொன்மலைப் பணிமனையில் ஸ்டோர்ஸ் பிரிவில் உடன் வேலை பார்ப்பவர்களும் அப்படித்தான், அவர் வாயைத் திறந்ததும் ஆளுக்கொரு சொல்லை எடுத்து நீட்டுவார்கள், இதுவா, இதுவா என்று. எல்லோரும் நல்லவர்கள். அந்த நல்லவர்களுக்கு நடுவே ஒரு முழு வாக்கியத்தை அவராக ஆரம்பித்து அவராக முடித்த நாட்கள் குறைவு.

அதனால்தான் ஓடையின் முதல் கூட்டம் இன்னும் உடம்பில் இருக்கிறது. மூளையில் இல்லை, உடம்பில், தொண்டைக்குக் கீழே, நெஞ்செலும்பு ஆரம்பிக்கிற இடத்தில். அன்றைக்கும் இதே ஸ்டூல். குகநாதன், கோயம்புத்தூரில் இருந்து, "வாங்கண்ணே, உங்க பேரைச் சொல்லுங்க, எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல," என்றார். அவர் தெ என்று ஆரம்பித்தார். நாக்கின் நுனி மேற்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. யாராவது முடித்து வைப்பார்கள் என்று வழக்கம்போலக் காத்திருந்தார். யாரும் முடித்து வைக்கவில்லை. அமைதி. லைன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தார், இல்லை, எல்லோரும் இருந்தார்கள், இருந்துகொண்டே காத்திருந்தார்கள். கீழே தெருவில் கீரைக்காரம்மா ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்விட்டாள். அப்புறம் தெய்வநாயகம் என்ற பெயர் வந்தது, முழுசாக, அவர் வாயிலிருந்தே. குகநாதன், "வாங்க தெய்வநாயகம் அண்ணே. இங்க நமக்கு ஒரே ஒரு விதிதான். யார் சொல்லையும் யாரும் பூர்த்தி பண்ணி வைக்கக்கூடாது," என்றார். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். சுலோச்சனா வந்து யாரு போனாங்க, யாரு போனாங்க என்று பதறினாள். யாரும் போகவில்லை, வந்திருக்கிறார்கள் என்று சொல்ல நினைத்து, அந்த வ நின்றுபோய், கையை மட்டும் ஆட்டினார்.

அந்த ஓடை எப்போது இந்த ஓடையாக ஆனது என்று யோசித்துப் பார்த்தால் ஒரு நாளைச் சொல்ல முடியவில்லை. யாரும் கெட்டவராக மாறிவிடவில்லை. ஆட்கள் சேரச் சேர, புதிதாக வருகிறவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று, தினமும் ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ் போடலாம் என்றார்கள். 'இன்றைய ஓட்டம்' என்று அதற்குப் பெயர். நன்றாக வந்தவர்களுக்கு எல்லோரும் பூ போட்டார்கள். தடங்கி வந்தவர்களுக்குப் பூ போடாமல் "காத்து விடுங்க அண்ணே", "காத்தைக் கவனிங்க அக்கா" என்று அறிவுரை போட்டார்கள். மூச்சு என்று சொல்ல மாட்டார்கள், குகநாதன் காத்து என்பதால் எல்லோருக்கும் காத்து. அறிவுரை வாங்க யாருக்குத்தான் பிடிக்கும். தடங்கலான ஓட்டங்கள் குறைந்தன. ஒருநாள் ஒருவர், இந்த வாரம் முழுக்க மோசம், ஆபீசில் ஒரு வார்த்தை வரவில்லை என்று எழுதினார், அது கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது. கீழே குகநாதன், "பள்ளம் பேசாதீங்க, ஓட்டம் பேசுங்க" என்று எழுதியிருந்தார். அதையும் நூறு பேர் பூ போட்டு ஆமோதித்தார்கள், அவரும் போட்டார். சரிதானே என்றுதான் அப்போது தோன்றியது. எப்போது பார்த்தாலும் புலம்பிக்கொண்டிருந்தால் புதிதாக வருகிற பையன்கள் பயந்து ஓடிவிட மாட்டார்களா. அப்புறம் அவருக்கே பள்ளம் வந்தது. ஏன் வந்தது, எப்படி வந்தது, ஒன்றும் தெரியாது, மழை வருகிற மாதிரி வந்தது. ஒரு காலையில் எழுந்து, போனை வாயருகே வைத்து, இன்றைய ஓட்டம் என்று ஆரம்பித்தார், இ வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி. அழித்துவிட்டு மறுபடி. வேலைக்கு நேரமாகிவிட்டது. கடைசியில் ஒன்று தப்பிப் பிழைத்து வந்தது, அதை அனுப்பினார். பூவாகக் கொட்டியது. மூத்தவர் மூத்தவர்தான், ஒரே டேக்ல பின்னுறார் என்று யாரோ எழுதினார்கள். ஒரே டேக்கில். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மற்றவர்களின் ஓட்டங்களை வரிசையாகக் கேட்டார். எல்லாம் வழுவழுவென்று இருந்தன. இத்தனை பேருக்கும் வருகிறது, தனக்கு மட்டும் போய்விட்டது. திக்குவாய்க்காரர்கள் மட்டுமே இருக்கிற ஓர் இடத்தில் தான் ஒருவன்தான் திக்குவாய் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, அது பழைய தனிமையைவிட மோசமாக இருந்தது. பழைய தனிமையில் எதிரே இருந்தவர்கள் வேறு ஜாதி ஆட்கள் என்ற சமாதானமாவது இருந்தது.

காதுக்குள் வைகைக்கரைக்காரர் முடித்துவிட்டார். அடுத்து யாரோ சிங்கப்பூரிலிருந்து. எழுதியதில்லை, பேசியதில்லை. கரை என்று ஓர் இடம் இருப்பதே குகநாதன் திட்டியதால்தான் தெரிந்தது. ஓடையிலிருந்து கோபித்துக்கொண்டு போன சிலர் வெளியே தனியாக ஒரு தளம் வைத்துக்கொண்டு நம்மைப் பற்றி அசிங்கமாக எழுதுகிறார்கள், அந்தப் பக்கம் யாரும் போகவேண்டாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். அந்த மத்தியானமே போய்ப் பார்த்தார். போகாதே என்று சொல்லாதிருந்தால் போயிருக்கமாட்டார். எதுவும் எழுதாமல் பல நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தார், சாப்பாட்டு இடைவேளையில், ஸ்டோர்ஸ் ராக்குகளுக்குப் பின்னால் நின்று, பீடி குடிக்கிறவன் மாதிரி. அங்கே கோபம் இருந்தது, நக்கல் இருந்தது, குகநாதனைக் காத்தாடி என்று கூப்பிட்டார்கள். அது எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தினமும் போனார். என்ன தேடினார் என்று அவருக்கே தெரியாது. பிறகு ஒருநாள் பெயர் வைத்துக்கொண்டார், மூணாவது பெஞ்ச் என்று. பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்த இடம் அது. முதல் பெஞ்சைக் கேள்வி கேட்பார்கள், கடைசி பெஞ்சைத் திட்டுவார்கள், மூன்றாவது பெஞ்சை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எழுதினார். 'இன்னைக்கு ஓட்டத்தைக் காலையில் எழுந்ததிலிருந்து எடுத்து எடுத்து அழித்தேன். கடைசியில் ஒன்று தேறியது, அனுப்பினேன். எல்லோரும் பூ போட்டார்கள். பூவைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. எனக்கு மட்டும்தானா இப்படி?' நாலு வரி. அனுப்பிவிட்டு போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். திருப்பிப் பார்த்தபோது எனக்கும், எனக்கும், எனக்கும் என்று திரை தாண்டிப் போயிருந்தது. ஒருத்தர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு எடுப்பாராம், வீட்டுக்காரர்களுக்குக் கேட்காமல் இருக்க. ஒருத்தர் காருக்குள். ஒரு பெண் துப்பட்டாவை வாயில் வைத்துக் கடித்து அழுதுவிட்டு மறுபடி எடுப்பாளாம். நான் இன்னும் ஓடையில்தான் இருக்கிறேன், தினமும் உங்களுக்கெல்லாம் பூ போடுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர். எல்லோரும் உள்ளே இருப்பவர்கள். உள்ளே சொல்ல இடமில்லாததைச் சொல்ல வெளியே வந்து, வெளியேயும் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது நெஞ்செலும்புக்குக் கீழே அந்தப் பழைய இடம் இளகியது. முதல் கூட்டம் மாதிரியே. ஓடையில் கிடைத்ததுதான் மறுபடி கிடைத்தது, ஓடைக்கு வெளியே.

ஆனால் அதிலும் எவ்வளவு நாள் இருக்க முடிந்தது. மகள் நித்திலாவின் நிச்சயதார்த்தத்தில் மண்டபத்தில் நின்று லக்னப் பத்திரிகையை அவரே வாசித்தார். தாத்தா பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம். மைத்துனன் பக்கத்தில் தயாராக நின்றான், வாங்கி வாசிக்க. கொடுக்கவில்லை. அன்றைக்கு ஏனோ வந்தது, ஒரே மூச்சில், எங்கும் நிற்காமல், ஒரு தடவைதான், ஒரே ஒரு தடவை, நிஜமாக. அந்த ஒலிப்பதிவை ஓடையில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் குகநாதன் போட்டுக் காட்டுவார். கேளுங்க, இவரும் உங்களைப் போல இருந்தவர்தான் என்று. கரையில் அதே ஒலிப்பதிவைப் போட்டு, இதை எத்தனை டேக் எடுத்தார்களோ, பின்னாடி சத்தம்கூட செட்டப்தான், நாதஸ்வரம் யூடியூபில் இருந்து எடுத்தது என்று சிரித்திருந்தார்கள். மூணாவது பெஞ்ச், அது நிஜமாகக்கூட இருக்கலாமே என்று எழுதினார். அவ்வளவுதான். வந்துட்டான்யா ஓடைச் சொம்பு, காத்தாடியோட கையாள், எவ்வளவு நாளா உளவு பாக்குற என்று பிடித்துக்கொண்டார்கள். அங்கேயும் ஒன்று சொல்லக்கூடாது என்று இருக்கிறது, அங்கே ஓட்டம் பேசக்கூடாது. அவர் வாழ்க்கையில் உண்மையாக வந்த ஒரே பேச்சை வெளியே ஒருவரும் நம்பவில்லை. அழித்து அழித்து எடுத்த பொய்களை உள்ளே எல்லோரும் நம்பினார்கள். இதை நினைத்தால் முதலில் சிரிப்பு வந்தது, இப்போது அலுப்புதான் வருகிறது. இத்தனை அலுப்பை வைத்துக்கொண்டு ஏன் இன்னும் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறோம்? எழுந்து உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் படுத்தால் என்ன? படுக்க முடியாது. இவர்களைத் தவிர அவருக்கு ஆட்கள் இல்லை. உள்ளே இருப்பவர்களும் இவர்கள்தான், வெளியே முகமூடி போட்டு நிற்பவர்களும் இவர்கள்தான். அந்த நாலு வரி குகநாதன் கண்ணிலும் பட்டு, எழுதியது உள்ளே இருக்கிற ஆள்தான் என்று தெரிந்துதான் இந்த உறுதிமொழியே. இன்றைக்கு மாட்டிக்கொண்டால் இந்த வட்டங்கள் எல்லாம் ஒரே தட்டில் அணைந்துபோகும், பிறகு ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைக்கிற நாள் மட்டும்தான்.

மெர்லின் காலையில் கூப்பிட்டிருந்தாள். நாகர்கோவிலில் பள்ளிக்கூட ஆசிரியை, சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஓடையில் மூத்தவர்களிடம் புதியவர்கள் பேசலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு, அவளுக்கு இவர். "அண்ணா, எ... எனக்கு என் பேரே வரமாட்டேங்குதுண்ணா. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லணுமாமே. பேரை மாத்திச் சொல்ல முடியுமாண்ணா, சொல்லுங்க. மத்த வார்த்தைன்னா வேற ஒண்ண வச்சு ஒப்பேத்திரலாம்." அவள் சிரித்தாள். பயத்தில் சிரிக்கிற சிரிப்பு அது, அவருக்குத் தெரியும். "நான் எங்கயும் எழுதலண்ணா. ச... சத்தியமா. எனக்கு அந்தக் கரையோ கிரையோ எங்கே இருக்குன்னுகூடத் தெரியாது. ஆனா நின்னுட்டா நான்தான்னு நெனச்சுருவாங்களேண்ணா. உங்களுக்கெல்லாம் எப்படிண்ணா ஒரே டேக்ல வருது?" அவர் சொல்லியிருக்க வேண்டும், ஒரே டேக்கில் யாருக்கும் வருவதில்லை என்று. மெர்லின், யாருக்கும் வருவதில்லை. வாய் வரை வந்தது. யா நின்றது. நின்றதை மறைக்க இருமினார். இருமல் என்றால் என்னவென்று அந்தக் கூட்டத்தில் யாருக்குத்தான் தெரியாது. "உடம்பு சரியில்லையாண்ணா?" என்றாள். ம் என்றார். "மிளகு போட்டு வெந்நி குடிங்கண்ணா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் நிஜமாகத்தான் நம்பினாளா, இல்லை அவர் இருமலை அவர் முடிக்க முடியாத சொல்லாக அடையாளம் கண்டு, கண்டதைக் காட்டிக்கொள்ளாமல் விட்டுக்கொடுத்தாளா. இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று இப்போது தோன்றியது. மெஷின் குடுகுடுவென்று தண்ணீரை வெளியே விட்டது. சோப்பு நுரை குழாய் வாயில் பொங்கி, தரைச் சல்லடைக்கு மேல் ஒரு கணம் நின்று உடைந்தது.

"அடுத்து நம்ம நாகர்கோவில் தங்கச்சி," என்றார் குகநாதன். தெய்வநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெர்லின் என்ற வட்டம் பெரிதானது. நான் என்று வந்தது. பிறகு வரவில்லை. உதடு இரண்டும் ஒட்டிக்கொள்கிற அந்தச் சின்னச் சத்தம், ம் என்பதற்கு முந்திய ம், அது திறக்காமல் அப்படியே இறுகுவது, அவர் காதுக்குள் அவருடைய உதடே இறுகுகிற மாதிரிக் கேட்டது. காத்திருப்பார்கள் என்று நினைத்தார். இவ்வளவு நாள் பழக்கம், காத்திருப்பார்கள். குகநாதன் அவள் சொல்லை முடித்து வைக்கவில்லை. விதி விதிதான். ஆனால் அந்த அமைதி பழைய அமைதி இல்லை. அதில் எல்லோரும் அவளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ம், ம், நான் ம். பின்னால் எங்கோ அவள் வீட்டுக் கோழி ஒன்று கொக்கரித்தது. "பரவாயில்ல தங்கச்சி," என்றார் குகநாதன், இதமாகத்தான் சொன்னார். "நாம யாரையும் குத்தம் சொல்லல. ஆனா உள்ளே தெளிவா இருந்தா வெளியே ஏன் தடை வரப்போகுது? இத்தனை பேர் சொன்னாங்களே. நீங்க கொஞ்ச நாள் ஓய்வுல இருங்க. அப்புறம் பேசுவோம்." "சா... சார், நா... நா..." என்றாள். அவள் வட்டத்தில் மைக் சிவப்பாகிவிட்டது. ஓய்வு என்றால் கூட்டம் முடிந்ததும் நீக்கிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒருவர் பூ போட்டார், எதற்கென்று புரியவில்லை, பழக்கத்தில் விரல் பட்டிருக்கும். திக்குவாய்க்காரர்கள் ஒன்றுகூடி, திக்கினால் பொய் என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். வேறு யாரும் செய்திருக்க முடியாது இதை, சாதாரண ஆட்களுக்கு இவ்வளவு தூரம் தோன்றாது. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருக்காதீர்கள் என்று குகநாதன் அந்தக் காலத்தில் சொன்னது ஆறுதலாக இருந்தது, திக்குவதை மறைக்காதே என்ற அர்த்தத்தில். அதே வாக்கியம்தான் இது. நாகர்கோவில் தங்கச்சி. ஏன் எப்போதும் நாகர்கோவில் தங்கச்சி? வைகைக்கரைக்காரர். ஏன் மதுரைக்காரர் இல்லை? மூச்சு என்று ஏன் ஒருநாளும் சொன்னதில்லை, ஏன் காத்து? தெய்வநாயகம் இயர்போனைக் காதுக்குள் இன்னும் அழுத்திக்கொண்டார். கத்திரிக்காய். குகநாதனும் கத்திரிக்காய்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார். மெர்லின் நின்ற அதே ம என்ற எழுத்தில் இவரும் நிற்பவர், இத்தனை வருடமாக அதைச் சுற்றிக்கொண்டு போகிறார், அவர் சுற்றிப் போன தடத்தையே பாதை என்று நாங்கள் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறோம். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. பாவமாக இருந்தது, களைப்பாக இருந்தது. இவருக்கு எந்தக் கரை இருக்கிறது போய் எழுத?

"நிறைவா நம்ம பெரியவர், தெய்வநாயகம் அண்ணன். நீங்க சொல்லிடுங்கண்ணே." அவர் வட்டம் பெரிதானது. மைக் பச்சை. நின்றுவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்பது தெரிந்த பயம், காலையிலிருந்து அதோடு பழகியாயிற்று. இப்போது வேறொரு பயம் வந்திருந்தது. தடங்காமல் வந்துவிட்டால்? அந்தப் பொய்யும், நிச்சயதார்த்தத்தில் வாசித்த பத்திரிகை மாதிரி ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால், மெர்லினின் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டுவிடும். பார்த்தீர்களா, உண்மைக்குத் தடை ஏது என்பார்கள். வர வேண்டுமா, வரக்கூடாதா? எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வாயைத் திறந்தார். "நான்," என்றார். "தெ..." நாக்கின் நுனி மேற்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய இடம். மெஷின் சுழல ஆரம்பித்தது, முதலில் மெல்ல, பிறகு வேகமாக, ஸ்டூலின் கால்கள் தரையில் கிடுகிடுவென்று ஆடின. கண்ணிமைகள் இறுகின. தாடை இறுகியது. தெ. இத்தனை பேருக்கும் இப்போது தெரிந்திருக்கும். ஒரே டேக் மூத்தவர், புதியவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறவர், நின்றுவிட்டார்.

"தெய்வநாயகம்," என்றார் குகநாதன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. தன் வாயிலிருந்துதான் வந்ததோ என்று ஒரு கணம் நினைத்தார். "சரிண்ணே, உங்களை நமக்குத் தெரியாதா. சிக்னல் விட்டு விட்டு வருது உங்களுக்கு. நீங்க எழுதினதும் இல்ல, பேசினதும் இல்ல. சொன்னதா எடுத்துக்கிட்டாச்சு." குரல் கொஞ்சம் அவசரமாக இருந்தது, தள்ளுவண்டியைக் கைகொடுத்து மேடேற்றுகிறவன் குரல். "அப்ப கூட்டம் நிறைவு..." அவ்வளவு சுலபம். அவர் பொய் சொல்லவே தேவையில்லை. வாயைத் திறந்ததோடு சரி, அவருக்காகச் சொல்லி முடித்தாகிவிட்டது. மைக்கை அணைத்துவிட்டு எழுந்தால் பெட்ஷீட்டை எடுத்துக் கொடியில் போடலாம். ஒரே ஒரு விதி. யார் சொல்லையும் யாரும் முடித்து வைக்கக்கூடாது. அந்த ஒரு விதிக்காகத்தானே இத்தனை ஞாயிற்றுக்கிழமையும். மெர்லினுக்காக விதியைக் காப்பாற்றினார்கள், எனக்காக உடைத்துவிட்டார்கள். அரைக் கிலோ கத்திரிக்காய். பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு போய்விடலாம். எத்தனை தின்றாயிற்று, இன்னும் ஒன்று.

"இ... இ..." என்றார். குகநாதன் நிறுத்தினார். "இல்ல சார்." மெஷினின் சத்தத்துக்கு மேல் தன் குரல் சத்தமாகக் கேட்டது, கத்திவிட்டோமோ என்று தோன்றியது. "நான் இன்னும் மு... மு... முடிக்கல." அடுக்களையில் தாளிக்கிற சத்தம் நின்றது. சுலோச்சனா கையில் கரண்டியோடு பால்கனி வாசலுக்கு வந்து நின்றாள். தெய்வநாயகம் அவளைப் பார்த்தார், பிறகு திரையில் சிவப்பு மைக்கோடு இருந்த மெர்லின் என்ற வட்டத்தைப் பார்த்தார், அது இன்னும் அணையவில்லை. மூச்சை வெளியே விடவில்லை, எதையும் எதன் மேலும் மிதக்கவிடவில்லை, வருகிறபடி வரட்டும் என்று விட்டார். "க... கரையில எ... எழுதினது மெர்லின் இல்ல. அந்தப் பொண்ணு இல்ல. எ... எழுதினது..." அடுத்த சொல் நின்றது. சின்னச் சொல், எத்தனையோ ஆயிரம் தடவை தடங்கலில்லாமல் வந்த சொல், இன்றைக்கே ஒவ்வொருவரும் சொல்ல ஆரம்பித்த முதல் சொல். ந, ந என்று அது மேல் அண்ணத்தில் தட்டிக்கொண்டு நின்றது. சுலோச்சனாவின் வாய் பழக்கத்தில் பாதி திறந்தது. ஆனால் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டாள். மெஷின் கடைசிச் சுற்றைச் சுற்றி, மெல்ல மெல்ல வேகம் தணிந்து நின்றது. காதுக்குள் இப்போது குகநாதனின் மூச்சு கேட்டது, திரையில் எல்லா வட்டங்களும் அப்படியே இருந்தன, அவருடைய மைக் இன்னும் பச்சையாகவே இருந்தது. ந, என்றார். ந. யாரும் முடித்து வைக்கவில்லை. காத்திருந்தார்கள்.